டிரைவர் வேலை நேரச் சட்டத்தை நாமே எழுதினால்: ஆலை கேட்டில் நிற்கும் நேரம் யார் கணக்கு?

சங்ககிரி ஸ்டேரிங்

வணக்கம். 19 வருஷமாக லைன் வண்டி, அதாவது தூர ஊர் லாரி ஓட்டுகிறேன், இப்போது 14 சக்கரம். போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு ஆலையில் லோடு ஏற்ற சாயங்காலம் ஐந்தரைக்கு வரிசையில் நின்றேன். டோக்கன் நம்பர் 63. அரை மணிக்கு ஒரு தடவை வரிசை இரண்டு வண்டி நீளம் நகரும். நகரும்போது எடுக்காவிட்டால் பின்னால் நிற்கிறவர் முந்திவிடுவார், அப்புறம் டோக்கன் செல்லாது. அதனால் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவது, செக்யூரிட்டி கதவைத் தட்டினால் சாவியைத் திருப்புவது, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஹேண்ட் பிரேக் போடுவது என்று ராத்திரி முழுக்க இதே வேலை. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு லோடு ஏறியது. தார்ப்பாய் போட்டு கயிறு இழுத்துக் கட்டி வெளியே வரும்போது நாலரை. மொத்தம் 23 மணி நேரம்.

வெளியே வந்த பத்தாவது நிமிஷம் ஆபீஸிலிருந்து போன். "ஏற்கெனவே ஒரு நாள் போச்சு, நாளன்னைக்குக் காலையில நாக்பூர்ல இறக்கணும்." சேலத்திலிருந்து நாக்பூர் 1,250 கிலோமீட்டருக்கு மேல். பாரத்தோடு மணிக்கு 40, 45 தான் சராசரி வரும். 30 மணி நேரம் சக்கரம் சுற்ற வேண்டும், கையில் இருப்பது 40 மணி நேரம், அதில் சாப்பாடு, டீசல், டோல், குளியல் எல்லாம் அடக்கம். தூக்கத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கேள்வி இதுதான். சட்டம் எழுதும் பேனா டிரைவர் கையில் இருந்தால் முதல் வரியாக எதை எழுதுவீர்கள்? ஆசைக்குச் சொல்லாமல், நாளைக்கு ரோட்டில் நடக்கக்கூடியதாகச் சொல்லுங்கள்.

ஒத்த வண்டி ஓனர்

நான் ஓனரும் நானே, டிரைவரும் நானே. மாசம் பிறந்தால் இஎம்ஐ. சட்டம் இல்லாமல் இல்லை அண்ணே, 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தூர வண்டிக்கு அதிகாரி அனுமதியோடு 10 மணி நேரம், வாரம் 54. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு. இந்தத் தொழிலில் இருக்கும் எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறோம்?

அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளர்களாவது வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான். எங்கள் ஊரில் ஒரு வண்டி, இரண்டு வண்டிக்காரர்கள்தான் அதிகம். நாங்கள் யாரும் அதற்குள் வரவே இல்லை. நான் பத்து மணி நேரத்தில் வண்டியை ஓரம் கட்டினால் அந்த லோடு அடுத்த தடவை எனக்கு வராது, 18 மணி நேரம் ஓட்டுகிற இன்னொருத்தருக்குப் போகும். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் இஎம்ஐ இருக்கிறது. அதனால் என் முதல் வரி: எத்தனை வண்டி, எத்தனை ஆள் என்று பார்க்காமல் ஸ்டேரிங் பிடிக்கும் எல்லாருக்கும் ஒரே நேரம், சொந்த வண்டிக்காரனுக்கும் சேர்த்து. எல்லாரும் தூங்கினால்தான் நான் தூங்க முடியும்.

மணலி டிரெய்லர்

முதலில் இடத்தைக் காட்டுங்கள், அப்புறம் நேரத்தைப் பேசலாம்.

நான் கண்டெய்னர் ஓட்டுகிறேன். துறைமுகத்துக்குள் போக ரோட்டிலேயே வரிசை, எண்ணூர் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும். சிட்டிக்குள் பகலில் நோ என்ட்ரி. ஆக எங்கள் வேலையே ராத்திரிதான், தூக்கம் பகலில்தான். பகலில் எங்கே தூங்குவது? மே மாதம் மதியம் கேபினுக்குள் கையை வைத்தால் டேஷ்போர்டு சுடும். ஜன்னலைத் திறந்தால் புழுதியும் ஹாரனும், மூடினால் மூச்சு முட்டும். புதிதாகத் தயாராகிற லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று 2025-ல் வந்திருக்கிறது, நல்லது, மனசாரச் சொல்கிறேன். ஆனால் நான் ஓட்டுவது 2014 மாடல். அதை இன்னும் பத்து வருஷம் யாராவது ஓட்டத்தான் போகிறார்கள்.

ரோட்டோரம் படுத்தால் டீசல் திருட்டு. காலையில் எழுந்தால் டேங்க் மூடி தொங்கும், அந்தக் காசு நம் கணக்கில்தான் பிடிப்பார்கள். பெட்ரோல் பங்கில் டீசல் போட்டால்தான் நிற்க விடுவார்கள். குளிக்கத் தண்ணீர், காவலுக்கு ஆள், நிழல், இந்த மூன்றும் உள்ள இடத்தை நூறு கிலோமீட்டருக்கு ஒன்று கட்டிவிட்டு அப்புறம் என்னிடம் வந்து "ஏன் தூங்கவில்லை" என்று கேளுங்கள். டோல் வாங்குகிறவர்களுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும்.

டுசல்டார்ஃப் பாரவூர்தி

எனக்கு ஊர் யாழ்ப்பாணம், ஜெர்மனியில் 11 வருஷமாகப் பாரவூர்தி ஓடுகிறேன். இங்கே சட்டம் எப்படி என்று சொன்னால் உங்களுக்கு உதவலாம், எது சரிவரவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி 561. நாளுக்கு 9 மணித்தியாலம் ஓடலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேணும். ஒரு நாளுக்கு 11 மணித்தியாலம் ஓய்வு, குறைத்தாலும் 9-க்குக் கீழே போக ஏலாது. வாரத்துக்கு 56, இரண்டு வாரம் சேர்த்து 90-க்கு மேல் ஓடக் கூடாது. எல்லாவற்றையும் டாக்கோகிராஃப் என்ற கருவி எழுதும், அதில் என் பெயருக்கான அட்டையைப் போட்டால்தான் ஓட்டம். காவல்துறை மறித்தால் கடைசி 56 நாள் கணக்கையும் பார்க்கும். முன்பு 28 நாளாக இருந்தது.

நான் முக்கியமாக நினைப்பது அந்த விதியின் 10-ஆம் பிரிவை. பாதுகாப்பைக் கெடுக்கும் விதமாகக் கிலோமீட்டருக்கும் பாரத்துக்கும் காசு பேசக் கூடாது என்று அதில் இருக்கிறது. சரக்கு அனுப்புகிறவரும் இடைத்தரகரும் பேசுகிற நேர அட்டவணை இந்த விதிக்குள் அடங்க வேணும் என்றும் இருக்கிறது. அதாவது "நாளை மறுநாள் காலை நாக்பூர்" என்று சொன்ன ஆளும் பதில் சொல்ல வேணும்.

சரிவராதது என்னவென்றால் தரிப்பிடம். மணலி அண்ணை சொன்னது இங்கேயும் உண்மை. மாலை ஆறு மணிக்குப் பிறகு நெடுஞ்சாலை ஓரத் தரிப்பிடங்கள் நிறைந்துவிடும், நேரம் முடிகிறதே என்ற பதற்றத்தில் ஒவ்வொரு இடமாக நுழைந்து வெளியே வருவோம். சங்ககிரி அண்ணை சொன்ன வரிசைக் கதையும் இங்கே உண்டு. ஓய்வு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இறக்குமிடத்தில் "வாகனத்தைக் கொஞ்சம் தள்ளி விடு" என்பார்கள், தள்ளினால் அந்த ஓய்வு முறிந்துவிடும். வந்த புதிதில் எனக்கு இது விளங்காமல் இரண்டு தரம் மாட்டியிருக்கிறேன்.

ஒத்த வண்டி ஓனர்

டுசல்டார்ஃப் அண்ணே, அந்தக் கருவி விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது. இங்கே எதைக் கொண்டுவந்தாலும் கடைசியில் அபராதச் சீட்டு டிரைவர் பெயரில்தான் எழுதப்படும். ஓவர்லோடு ஏற்றியது யார், மாட்டுவது யார்? பத்து மணி நேரம் தாண்டினாய் என்று ரோட்டில் ஒருவர் நிறுத்தினால் கை நீட்ட இன்னொரு காரணம் கிடைத்த மாதிரிதான்.

சங்ககிரி ஸ்டேரிங்

அது உண்மைதான் தம்பி. ஆனால் கருவி ஏற்கெனவே வண்டியில் இருக்கிறதே. எங்கள் வண்டியில் ஜிபிஎஸ் மாட்டி நாலு வருஷம் ஆகிறது. டீக்கு நிறுத்தி இருபது நிமிஷம் ஆனால் போன் வரும், "ஏன் நிக்குது?" பதினாறு மணி நேரம் நிற்காமல் ஓடினால் போன் வராது. அதே பெட்டிதான், அதே கணக்குதான். ஓட்டின நேரம் அதில் அப்படியே இருக்கிறது, அதைத் தூக்கத்துக்காக யாரும் திறந்து பார்த்ததில்லை.

டேங்கர் நாமக்கல்

கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். இரண்டாவது டிரைவரை யாரும் பேசவில்லையே? நாடு முழுக்க ஓடும் நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதியே இருந்தது, அப்புறம் தளர்த்திவிட்டார்கள். முன்பு கிளீனராவது இருந்தான். ராத்திரியில் பேச்சுக் கொடுப்பான், கண்ணாடி துடைப்பான், ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்ப்பான், ஐந்து வருஷத்தில் அவனே டிரைவர் ஆவான். இப்போது அந்தச் சம்பளத்தையும் மிச்சம் பிடித்தாயிற்று. தனியாக உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வருவதை எதிரில் இருந்து பார்த்துச் சொல்லக்கூட ஆள் இல்லை.

என் முதல் வரி: 500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு டிரைவர் கட்டாயம்.

மணலி டிரெய்லர்

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டபுள் டிரைவர் வண்டியில் நான் இரண்டு வருஷம் போயிருக்கிறேன். ஓடுகிற வண்டியில் படுப்பது தூக்கமே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் தலை மோதும், அவன் பிரேக் அடித்தால் நமக்கு முழிப்பு வரும், அவன் எப்படி ஓட்டுகிறான் என்ற பயம் வேறு. இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி வண்டியை 22 மணி நேரம் ஓடவிடுவார்கள். இரண்டு பேருமே அரைத் தூக்கத்தில் ஓட்டுவோம்.

டுசல்டார்ஃப் பாரவூர்தி

இங்கே இரண்டு பேர் ஓடினாலும், 30 மணித்தியாலத்துக்குள் இரண்டு பேருக்கும் 9 மணித்தியால ஓய்வு வேணும். அந்த நேரம் வாகனம் நின்றே இருக்க வேணும், ஓடுகிற வாகனத்தில் படுப்பது நாளாந்த ஓய்வில் சேராது. நீங்கள் இருவர் சொல்வதையும் சேர்த்தால் அந்த விதிதான் வருகிறது.

லாரிக்காரர் மகள்

நான் டிரைவர் இல்லை, எழுதலாமா என்று யோசித்தேன். அப்பா 27 வருஷம் ஓட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூருவிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில், விடியற்காலை நாலு மணி சுமாருக்கு, வண்டி தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தார், வலது கை முன்பு போல இல்லை. வேறு யாருக்கும் அடி இல்லை என்பதை அவர் இன்றும் கும்பிட்டுச் சொல்வார்.

வழக்குக் காகிதங்களை எல்லாம் நான்தான் ஃபைல் போட்டு வைத்தேன். அதிவேகம், அஜாக்கிரதை என்று எழுதியிருந்தது. வண்டியின் பிரேக்கைச் சோதித்த ரிப்போர்ட் இருந்தது, டயர் தேய்மானம் இருந்தது, மது அருந்தவில்லை என்ற டாக்டர் சான்று இருந்தது. அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று எழுத எந்தக் காகிதத்திலும் ஒரு கட்டம்கூட இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் முந்தின இரண்டு ராத்திரியும் அவரோடு போனில் பேசினேன். "இன்னும் லோடு இறக்கலைம்மா, வரிசையில நிக்கிறேன்" என்றுதான் இரண்டு தடவையும் சொன்னார்.

என் கையில் பேனா இருந்தால் விபத்து ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தைச் சேர்ப்பேன். முந்தின 72 மணி நேரத்தில் டிரைவர் எங்கே நின்றார், எவ்வளவு ஓட்டினார், எங்கே படுத்தார். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது போலீஸ் பொறுப்பு.

அப்புறம் இன்னொன்று. பத்து மணி நேரம், பதினொரு மணி நேரம் என்று பேசுகிறீர்கள், வீட்டுக்கு வருவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அப்பா ஒரு தடவை 34 நாள் கழித்து வந்தார், என் தம்பி அவரிடம் போகவே யோசித்தான். இத்தனை நாளுக்கு மேல் வண்டி ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்றும் ஒரு வரி வேண்டும்.

டேங்கர் நாமக்கல்

அம்மா, நீ தாராளமாக எழுது. உன்னைவிட யாருக்கு இதில் உரிமை இருக்கிறது.

தொழிற்சங்கக் குமாஸ்தா

நான் சங்க அலுவலகத்தில் வழக்குக் காகிதம் பார்க்கிறவன். இந்த இழையை இரண்டு தடவை படித்தேன். சங்ககிரிக்காரரின் 23 மணி நேரம் சட்டத்தில் எங்கே போகிறது என்று சொல்கிறேன், இதை எல்லா டிரைவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1961 சட்டத்தில் 'வேலை நேரம்' என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அதில் மூன்றைச் சேர்க்கிறது: வண்டி ஓடும் நேரத்தில் செய்யும் வேலை, அதோடு சேர்ந்த துணை வேலைகள், அப்புறம் மூன்றாவதாக, முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரம், அதுவும் பதினைந்து நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால்தான் கணக்கு. அதாவது பத்து நிமிஷம் காத்திருந்தால் வேலை. 23 மணி நேரம் காத்திருந்தால் அது வேலை என்று அங்கே வெளிப்படையாக எழுதவில்லை. இந்த வரி டெர்மினஸில் அடுத்த டிரிப்புக்கு நிற்கும் பஸ்ஸுக்குப் பொருந்தலாம், ஆலை வாசலில் டோக்கனோடு நிற்கும் லாரிக்குப் பொருந்தாது.

இப்போது அந்தச் சட்டமே தனியாக இல்லை. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2020 என்று வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. நாளைக்கு 8 மணி நேரம் என்பது அதிலும் உண்டு, அந்தப் பதினைந்து நிமிஷ வரியும் அப்படியே அதற்குள் வந்துவிட்டது. முன்பு ஐந்து பேர் என்றிருந்த எல்லை மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கு இப்போது பத்துப் பேர். ஒத்த வண்டிக்காரர் சொன்ன ஓட்டை பெரிதாகியிருக்கிறது. அறுபது வருஷம் கழித்துத் திருத்த ஒரு வாய்ப்பு வந்தும் அந்த வரியை யாரும் தொடவில்லையே என்று எனக்குக் கோபம் வருகிறது. வரைவு நிலையிலேயே நம் பக்கத்திலிருந்து ஆயிரம் மனுவாவது போயிருக்க வேண்டும், சங்கத்தில் இருக்கிற எனக்கும் அதில் பங்கு உண்டு.

என் யோசனை இது. இ-வே பில், அதாவது சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, ஏற்கெனவே வண்டிக்கு வண்டி போடுகிறார்கள். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதற்குக் காலம் கொடுக்கிறார்கள். 1,250 கிலோமீட்டருக்கு ஏழு நாள். சரக்குக்கு அரசாங்கம் ஏழு நாள் கொடுக்கிறது, டிரைவருக்கு ஆபீஸ் இரண்டு நாள்கூடக் கொடுக்கவில்லை. அதே பில்லில் இரண்டு நேரம் கூடுதலாகப் பதியச் சொல்லலாம்: வண்டி கேட்டுக்கு வந்த நேரம், லோடோடு வெளியே விட்ட நேரம். பதிய வேண்டியது சரக்கை அனுப்புகிறவர், தப்பாகப் பதிந்தால் அபராதமும் அவருக்கு. முதல் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் ஹால்டிங் காசு (காத்திருப்புக் கூலி), அதில் டிரைவர் பங்கு தனியாக. ரோட்டில் எந்த நேரத்தில் எந்த டோலைத் தாண்டினார் என்பது ஃபாஸ்டேகில் இருக்கிறது, 2021 பிப்ரவரியிலிருந்து எல்லா வண்டிக்கும் கட்டாயம்தானே. புதுக் கருவி எதுவும் வேண்டாம். அந்த மகள் கேட்ட 72 மணி நேரக் கட்டத்தையும் இதை வைத்தே நிரப்பிவிடலாம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி

எல்லாம் சரி, ராத்திரி ஓட்டவே கூடாது என்று யாராவது எழுதிவிடாதீர்கள். நாங்கள் சாயங்காலம் லோடு ஏற்றி விடிவதற்குள் மார்க்கெட்டில் இருந்தால்தான் தக்காளிக்கு விலை. கோயம்பேட்டிலும் காய்கறி வண்டி ராத்திரியில்தான் வந்து இறங்கும். எங்களுக்கு ஓட்டம் ஏழெட்டு மணி நேரம்தான், பகலில் வீட்டில் படுக்கலாம். தூர வண்டிக்கும் எங்களுக்கும் ஒரே சட்டையைத் தைத்தால் ஒருத்தருக்கும் பொருந்தாது. எங்களுக்கு வேண்டியது, இறக்கியவுடனே ரிட்டர்ன் லோடு என்று துரத்தாமல் ஆறு மணி நேரம் படுக்க விடுவது. அவ்வளவுதான்.

ஒத்த வண்டி ஓனர்

குமாஸ்தா சார் சொன்னதைப் படித்த பிறகு என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன். அபராதம் சரக்கு அனுப்புகிறவர் பக்கமும் போகும் என்றால் பத்து மணி நேரக் கட்டுப்பாட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். 2017-ல் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லையில் வரி செக்போஸ்ட்டை எடுத்தபோது என்ன நினைத்தோம்? ஓசூரிலும் வாளையாறிலும் நின்ற நேரம் மிச்சம், நிம்மதியாகப் படுக்கலாம் என்றுதானே. அந்த நேரத்தை டெலிவரி நாளைக் குறைத்து அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை மிச்சமாகும் நேரம் யாருக்கு என்று எழுதியே வாங்க வேண்டும். வாடகையும் நாள் கணக்கில் பேச வேண்டும், டிரிப் கணக்கில் பேசுகிற வரைக்கும் நான் என் தூக்கத்தை விற்றுத்தான் இஎம்ஐ கட்டுவேன்.

மணலி டிரெய்லர்

கேட்டுக்குள் வந்த நேரம் என்று எழுதினால் வண்டியை கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நிற்க வைப்பார்கள். எங்களுக்கு நடப்பதே அதுதான். டோக்கன் வாங்கிய நேரம் என்று எழுதுங்கள். டோக்கன் வாங்கினவனைப் போனில் கூப்பிடலாம், சினிமா டிக்கெட் மாதிரி நேரம் குறித்துக் கொடுக்கலாம், அதுவரைக்கும் ஒரு ஓரத்தில் படுத்திருப்போம். இந்த வரிசையில் நகர்கிற வேலை எதற்கு?

தொழிற்சங்கக் குமாஸ்தா

சரியான திருத்தம். டோக்கன் நேரம் என்றே மாற்றிக்கொள்கிறேன். டோக்கனே கொடுக்காத இடங்களுக்கு என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள், எழுதி எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும்.

சங்ககிரி ஸ்டேரிங்

இரண்டு நாள் எழுத முடியவில்லை, ரோட்டில் இருந்தேன். நாக்பூர் அன்று மதியம் இரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆதிலாபாத் தாண்டிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு தாபாவில் ஓரம் கட்டி ஐந்து மணி நேரம் படுத்துவிட்டேன். ஆபீஸில் படிக்காசில் 800 ரூபாய் பிடித்தார்கள். பிடிக்கட்டும்.

ரிட்டர்ன் லோடு ஏற்றின இடத்தில் டோக்கன் கிடையாது. கேட்டில் இருந்த பெரியவரிடம் எல்.ஆர். (லாரி ரசீது) பின்பக்கத்தைக் காட்டி, "ஐயா, நான் வந்த நேரத்தை இதுல எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். எதற்கு என்றார். என் வீட்டில் காட்ட என்றேன். சிரித்துக்கொண்டே 17:40 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் வெளியே வரும்போதும் நீட்டினேன், 11:15 என்று எழுதினார். பதினேழரை மணி நேரம், அவர்கள் மையில், அவர்கள் கையெழுத்தில்.

குமாஸ்தா சார், அந்த எல்.ஆரைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவர்களும் அடுத்த லோடில் கேட்டுப் பாருங்கள். எழுத மாட்டேன் என்று சொன்னால் எந்த ஊரில், எந்த நேரத்தில் சொன்னார்கள் என்பதையும் இங்கே போடுங்கள்.

லாரிக்காரர் மகள்

அண்ணா, போட்டோக்களை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேதி வாரியாக நான் ஃபைல் போட்டுத் தருகிறேன், எனக்குப் பழக்கம் இருக்கிறது.